தண்ணீருக்கு ஒரு கண்டனத் தீர்மானம்

"மாமா, இத்தனை பேனாவும் யாருக்கு எழுதுது?"

விடுமுறைக்கு அம்மாவோடு வந்திருந்த தங்கை மகள், சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டாள்.

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. அப்புறம் சக்கரத்தைக் கண்டுபிடித்தது. பிறகு களைத்துப்போய் வெகுகாலம் சும்மா உட்கார்ந்திருந்து, கடைசியில் நீல மையைக் கண்டுபிடித்து நிம்மதிப் பெருமூச்சு விட்டது. அதற்குமேல் கண்டுபிடிக்க ஒன்றும் மிச்சமில்லை என்பது அறிந்தவர்கள் கருத்து. அப்பேர்ப்பட்ட நீலத்தின் எதிரில் நின்றுகொண்டு "யாருக்கு?" என்று கேட்கக் குழந்தைகளுக்குத்தான் துணிச்சல் வரும்.

மாமா அரசு விதைக் கிடங்கில் கண்காணிப்பாளர். அந்தப் பதவிப் பெயர் வாயில் நுழையச் சிரமப்படுவதால் அலுவலகமும் தெருவும், கோபம் வரும்போது தங்கையும், அவரைச் சூப்பிரண்டு என்றே கூப்பிட்டார்கள். தனிக்கட்டை. வீட்டில் அவருக்கென்று இருந்த சொத்து ஒரு மரப்பெட்டி. உள்ளே வெல்வெட்டுத் துணி ஒட்டி, வரிசை வரிசையாகப் பள்ளம் வெட்டிய பெட்டி. பள்ளத்துக்கு ஒரு பேனா. எல்லாம் மை ஊற்றி எழுதும் பேனாக்கள். எல்லாவற்றிலும் நீலம்.

"எழுதறதுக்குத்தான்மா பேனா" என்றார் சூப்பிரண்டு.

"அதான், யாருக்கு?"

"போய்க் கையைக் கழுவு."

கேள்வி அவரை விடவில்லை. பொறுப்புள்ள மனிதர் என்பதால் அதை அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நீல மை அன்பர் மன்றத்தின் முன் வைத்தார். மன்றம் அதை அலட்சியம் செய்யவில்லை. உடனே ஒரு துணைக்குழு அமைத்தது. துணைக்குழு கூடி, "யாருக்கு?" என்ற கேள்வியை உயர்ந்த தாளில், கையிருப்பில் இருந்த அத்தனை நீலத்திலும் எழுதிப் பார்த்தது. கேள்விக்குறியின் வளைவில் மை தேங்கி நிற்கும் அழகை எந்த நீலம் சிறப்பாகக் காட்டுகிறது என்று வாக்கெடுப்பு நடத்தியது. பிறகு, பணி நிறைவடைந்தது என்று அறிவித்துக் கலைந்தது.

மன்றம் கூடுவது ஒரு பல் ஆஸ்பத்திரியின் முன்னறையில். பல் டாக்டர்தான் தலைவர். ஞாயிற்றுக்கிழமை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு யாராவது கதவைத் தட்டினால், "இன்னைக்கு லீவு, உப்புத் தண்ணியில கொப்பளிங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டு உள்ளே போவார். அங்கே வாய் கோணிய நிப்பு ஒன்று பூதக்கண்ணாடிக்குக் கீழே படுத்திருக்கும். பல்லுக்கு வைக்கும் அதே இடுக்கியால் அதைத் தொட்டுத் தொட்டு, வலிக்காமல் நிமிர்த்துவார். நிப்புகள் அவரிடம் கத்தியதே இல்லை. அதனால் அவருக்கு அவற்றின்மேல் தனிப் பிரியம்.

மன்றத்தின் விதிகள் எளிமையானவை. நீலம் தவிர வேறு மை உள்ளே வரக் கூடாது. கறுப்பு கணக்கெழுதுகிறவர்களுக்கு, சிவப்பு வாத்தியார்களுக்கு, பச்சை மேலதிகாரிகளுக்கு, நீலம் மனிதர்களுக்கு. செயலாளரான வக்கீலுக்கு மட்டும் தொழில் நிமித்தமாக வாரநாட்களில் கறுப்பில் எழுத விலக்கு உண்டு. ஆனாலும் அவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். இன்னொரு விதி மிக முக்கியமானது: ஒருவர் மை இன்னொருவர் பேனாவுக்குள் போகக் கூடாது. ஒரு நீலத்தோடு இன்னொரு நீலம் கலந்தால் இரண்டின் "தனித்தன்மை" கெடும். கலப்பது குற்றம். கலக்கச் சொல்லிக் கேட்பது அதைவிடப் பெரிய குற்றம்.

கூட்டத்தில் எல்லாரும் எழுதுவார்கள். என்ன எழுதுவார்கள் என்றால், "இது இன்ன பேனா. இதில் உள்ளது இன்ன மை. இன்று ஞாயிற்றுக்கிழமை. பேனா நன்றாக எழுதுகிறது." அவ்வளவுதான். தாள் கைமாறிக் கைமாறிப் போகும். "ஆகா" என்பார் ஒருவர். "என்ன ஒரு ஓட்டம்!" என்பார் இன்னொருவர். அடுத்த வாரமும் ஞாயிற்றுக்கிழமையாகவே அமைந்துவிடுவதால் எழுதுவதற்கு விஷயப் பஞ்சம் வந்ததே இல்லை. மழைக்கு முந்தின வானத்தின் நீலமும் மழைக்குப் பிந்தின வானத்தின் நீலமும் ஒன்றா வேறா என்று மன்றத்தில் ஒரு வாதம் நடந்தது. அது முடிவதற்குள் வெளியே நிஜமான மழைக்காலம் ஒன்று வந்து போய்விட்டது. யாரும் கவனிக்கவில்லை.

இந்த மன்றத்துக்குச் சூப்பிரண்டு கொண்டுவந்து சேர்த்த செல்வம்தான் "அமைதி நீலம்". எங்கோ தூர தேசத்தில் காய்ச்சி, விரல் உயரக் குப்பியில் அடைத்து அனுப்பிய மை. முதல் நாளே அதில் கொஞ்சம் டாக்டரின் வெள்ளைக் கோட்டின் மேல் கொட்டிவிட்டது. டாக்டர் பஞ்சைத் தண்ணீரில் நனைத்து ஒரு தடவு தடவினார். கோட்டு பளிச்சென்று ஆகிவிட்டது. கொட்டின அடையாளமே இல்லை.

"பாத்தீங்களா! கறையே வைக்கல!" என்று டாக்டர் கூவினார். "இதுக்குப் பேரு நாகரிகம்யா. தான் வந்து போனதே தெரியாம போகுது பாருங்க!"

அன்றே அமைதி நீலத்துக்குத் "தூய நீலம்" என்ற பட்டம் ஒருமனதாக வழங்கப்பட்டது. டாக்டரின் தலைமைக் காலம் முடிவதால், அடுத்த தலைவர் சூப்பிரண்டுதான் என்பதும் ஏறக்குறைய முடிவாயிற்று.

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மன்றத்திலேயே வேலையிலும் நீலத்திலேயே எழுதுகிறவர் அவர் ஒருவர்தான். கிடங்கில் ஒவ்வொரு விதைப் பைக்கும் கழுத்தில் ஒரு சீட்டுக் கட்ட வேண்டும். கத்தரி, தக்காளி, மிளகாய், முள்ளங்கி என்று சீட்டில் பெயர் எழுத வேண்டும். அதற்கென்று அலுவலகம் ஒரு தடிப் பேனா கொடுத்திருந்தது. கறுப்பு. மூடியைத் திறந்தால் மண்ணெண்ணெய் வாடை. சூப்பிரண்டு அதை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டு, அந்த வருஷத்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் அமைதி நீலத்தில் எழுதினார். நீலத்தை மக்களிடம் கொண்டு சென்ற முதல் மனிதர் என்று மன்றம் அவரைப் பாராட்டியது.

சீட்டுகளைப் பையில் கட்டுவது கிடங்குக்காரர் வேலை. அவரும் சூப்பிரண்டும் ஒரே பரீட்சை எழுதி, ஒரே நாளில் வேலைக்கு வந்தவர்கள். ஒருவர் மாடிக்கு, மேசைக்குப் போனார். ஒருவர் கீழே கிடங்கோடு நின்றார். நாலு பேர் முன்னால் "சார்", தனியாக இருந்தால் "ஏம்ப்பா".

"ஏம்ப்பா, கத்தரிக்காய்க்கு இவ்வளவு அழகா எழுதினா, அது தன்னை ரோஜாப்பூன்னு நெனச்சுக்காதா?"

"எழுத்துன்னா ஒரு மரியாதை வேணும்ப்பா."

"விதைக்கா, உனக்கா?"

சொல்லிக்கொண்டே கிடங்குக்காரர் சீட்டின் மூலையில் ஒரு பழைய பேனாவின் வால் முனையால் குத்தி ஓட்டை போட்டார். ஓட்டையில் சணலைக் கோத்தார். சூப்பிரண்டு பதறி எழுந்தார்.

"நல்ல பேனாவை இப்படிக் குத்தூசியா வச்சிருக்கியே, பாவமில்லையா? மை ஊத்தி எழுதலாம்ல?"

"மை தீந்துபோச்சுப்பா. அதுக்கப்புறம் ஊத்தவே தோணல." கிடங்குக்காரர் சிரித்தார். "ஆனா ஓட்டை நல்லாப் போடும். இந்தா, பேனா நன்றாகக் குத்துகிறதுன்னு உங்க மன்றத்துல எழுதிக்கோ."

அந்த வாரம் ஒரு விடுமுறை நாளில், கட்டடத்தின் மொட்டை மாடித் தொட்டி நிரம்பி வழிந்தது. நிறுத்த ஆளில்லை. தண்ணீர் சுவரின் விரிசலில் இறங்கி, கிடங்கின் அலமாரிகள்மேல் சொட்டுச் சொட்டாக விழுந்திருக்கிறது. விதைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவை கனத்த பிளாஸ்டிக் பைக்குள் பத்திரமாக இருந்தன. சீட்டுகள்தான் நனைந்தன. மறுநாள் கிடங்குக்காரர் வந்து மின்விசிறிகளைப் போட்டுக் காயவைத்தார். மதியத்துக்குள் எல்லாம் காய்ந்துவிட்டது. காய்ந்த பிறகுதான் பார்த்தார்கள். ஒரு சீட்டிலும் ஒரு எழுத்தும் இல்லை. புதுத் தாள்போல எல்லாம் வெள்ளை வெளேரென்று தொங்கின.

அமைதி நீலம், தான் வந்து போனதே தெரியாமல் போயிருந்தது.

விதை வழங்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பெரிய அதிகாரி அம்மாள் காரில் வந்து இறங்கினார்.

"சீட்டு இருக்கு. எழுத்து எங்க?"

"இருந்துச்சு மேடம்" என்றார் கிடங்குக்காரர்.

"இருந்தது எங்க போச்சு? கால் மொளைச்சு நடந்து போச்சா?"

"விதைக் கிடங்கு மேடம். மொளைச்சாலும் மொளைக்கும்."

அவருக்கு எப்போதும் நாக்குத்தான் எதிரி. அம்மாளின் முகம் மாறிற்று.

"தண்ணி பட்டா எழுத்து கலங்கும், பரவும். இப்படிச் சுத்தமாவா போகும்? இது எழுதின சீட்டே இல்ல. பையை எல்லாம் மாத்தி வச்சுட்டு, அது தெரியக்கூடாதுன்னு வெள்ளைச் சீட்டாக் கட்டியிருக்கீங்க. நல்ல விதை வெளிய போயிருக்கு. அப்படித்தானே?"

"எங்க சூப்பிரண்டு சார் கையால எழுதின சீட்டுதான் மேடம். நான்தான் கட்டினேன்."

அம்மாள் திரும்பினார். "சூப்பிரண்டு, நீங்க நல்ல மையிலதானே எழுதினீங்க?"

சூப்பிரண்டின் கண்ணுக்குள் டாக்டரின் வெள்ளைக் கோட்டு ஒருமுறை வந்து போயிற்று. தலைவர் நாற்காலியும் வந்து போயிற்று.

"மிக... உயர்ந்த மை, மேடம்."

அது உண்மைதான். ஒரு உண்மையைச் சொல்லும்போது காது இவ்வளவு சுடும் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

கிடங்குக்காரர் அவரை ஒரு கணம் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் சமாளித்திருக்கலாம். அவரோ, பஸ்ஸில் நெரிசலில் சிக்கியவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"விடுங்க சார், பாத்துக்கலாம்" என்று சொல்லிச் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தார்.

அன்றே அவரைச் சஸ்பெண்ட் செய்தார்கள். மாதக் கடைசிக்குள் தக்க விளக்கம் தராவிட்டால் வேலையே போகும் என்று ஆணை. அடுத்த வருஷம் ஓய்வு பெற வேண்டிய மனிதர். "விதை திருடினவர்" என்ற பெயரோடு வீட்டுக்குப் போவார். பேரப்பிள்ளைகள் அந்தப் பெயரைக் கேட்டு வளருவார்கள்.

சாயங்காலம் சூப்பிரண்டு வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளில் "கத்தரி" என்று அமைதி நீலத்தில் எழுதி, குழாயடியில் காட்டினார். எழுத்து ஒரு மூச்சு நேரம் மிதந்தது. பிறகு இல்லை.

"ஐ! மாமா, மந்திரமா?" தங்கை மகள் குதித்தாள். "இன்னொரு தடவை! இப்ப என் பேரு எழுதி மறைய வை!"

அவள் பெயரை எழுதினார். மறைந்தது. அம்மா பெயரை எழுதச் சொன்னாள். மறைந்தது. "உன் பேரு?" என்றாள். அதற்கு மட்டும் அவருக்குக் கை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. மன்றத்தில் புதுத் தலைவர் பதவியேற்பு. சூப்பிரண்டு பதவி ஏற்பதற்கு முன்னால் நடந்ததை நடந்தபடி சொன்னார். தன் மையால் இன்னொருவர் வேலை போகப் போகிறது, அலுவலகத்தில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன் என்றும் சொன்னார்.

டாக்டர் இடுக்கியைக் கீழே வைத்தார்.

"தண்ணி பட்டா போகுதுங்கறது குறையா?" என்றார் டாக்டர், புண்பட்ட குரலில். "அதுதானேய்யா அதோட மென்மை!"

"அந்த ஆளு எதுக்கு அதைத் தண்ணியில நனைய விட்டாரு?" என்றார் இன்னொருவர்.

"தொட்டி வழிஞ்சுது சார். அவர் அங்க இல்ல."

"அப்போ குற்றம் தண்ணி மேலதான்" என்றார் வக்கீல். அவர் கை கழுவிவிட்டுத்தான் வந்திருந்தார். "சூப்பிரண்டு, உணர்ச்சிவசப்படாதீங்க. நீங்க எழுத்துல ஒப்புக்கிட்டா அது நீலத்துக்கு எதிரான சாட்சியம் ஆயிடும். இன்னைக்கு தூய நீலம், நாளைக்கு எல்லா நீலத்தையும் சந்தேகப்படுவான். அந்தக் கிடங்குக்காரருக்கு வேற வேலை கெடைக்கும். நீலத்துக்கு வேற பேரு கெடைக்குமா?"

"அவருக்கு இந்த வயசுல வேற என்ன வேலை சார் கெடைக்கும்?"

"அது தனி விஷயம். அதுக்கு ஒரு துணைக்குழு போடலாம்."

மன்றம் நிதானமாக யோசித்து ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. "கலை, பண்பாடு, எழுத்து ஆகியவற்றின்மேல் தண்ணீர் தொடர்ந்து நடத்திவரும் அத்துமீறலை இம்மன்றம் வன்மையாகக் கண்டிக்கிறது." தீர்மானம் கைதட்டலோடு நிறைவேறியதும் எல்லாரும் ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார்கள்.

அடுத்தது பதவியேற்பு. புதுத் தலைவர் உயர்ந்த தாளில் ஒரு வாக்கியம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சூப்பிரண்டு பேனாவைத் திறந்தார். "இன்று முதல் நான்" என்று எழுதினார். அதற்குமேல் நிப்பு கீறியது. உதறிப் பார்த்தார். மை தீர்ந்துவிட்டிருந்தது. வாரம் முழுக்கக் குழாயடியில் பெயர் எழுதி மறைய வைத்ததில், குப்பியும் காலி, பேனாவும் காலி.

"யாராவது கொஞ்சம் மை குடுங்களேன்" என்றார், யோசிக்காமல்.

அறை அதிர்ந்தது. அத்தனை கைகளும் அத்தனை சட்டைப் பைகளையும் பொத்திக்கொண்டன.

"சூப்பிரண்டு!" டாக்டர் எழுந்துவிட்டார். "என்ன கேக்கறீங்க? என்னோடது மழைக்கு முந்தினது. உங்க பேனாவுல மிச்சம் மீதி இருந்து கலந்துட்டா?"

"ஒரு வரிதான் டாக்டர்."

"வீட்டுக்குப் போங்க. பேனாவைக் கழுவுங்க. நல்லாக் காய விடுங்க. அடுத்த வாரம் வந்து மீதி வாக்கியத்தை எழுதுங்க. யாரும் உங்களைத் தப்பா நெனக்க மாட்டோம்."

சூப்பிரண்டு அந்த அரை வாக்கியத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். இதே மாதிரி இன்னொரு பாதி வாக்கியம் அவருக்கு ஞாபகம் வந்தது.

வேலைக்கான பரீட்சை. பாதி விடைத்தாளில் பேனா நின்றுபோயிற்று. மாற்றுப் பேனா கிடையாது. கண்ணில் நீர் முட்ட உட்கார்ந்திருந்தபோது பக்கத்துப் பெஞ்சிலிருந்து ஒரு கை நீண்டது. முன்பின் தெரியாத ஆள். "கழுத்தைத் திருகு" என்றது ஒரு குரல், மெதுவாக. திருகினார். அந்த ஆளும் தன் பேனாவின் கழுத்தைத் திருகி, தன்னிடம் இருந்ததில் சரிபாதியைச் சிந்தாமல் இவர் பேனாவுக்குள் சாய்த்தார். என்ன மை, என்ன நிறம், கலந்தால் என்ன ஆகும் என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மேற்பார்வையாளர் திரும்புவதற்குள் முடிந்துவிட்டது. சூப்பிரண்டு கடைசிக் கேள்விவரை எழுதினார். கடைசிக் கேள்வியின்போது தற்செயலாகத் திரும்பிப் பார்த்தார். பக்கத்துப் பெஞ்சுக்காரர் மூடிய பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருவர் மாடிக்குப் போனார். ஒருவர் கீழே நின்றார். அதைப் பற்றி இருவரும் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

அந்த மை நீலமா, கறுப்பா? சூப்பிரண்டு எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. மழைக்கு முந்தின நீலத்தையும் பிந்தின நீலத்தையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்லக்கூடிய மனிதர் அவர்.

எழுந்து, "நான் வர்றேன்" என்றார்.

"கையெழுத்து?"

"தண்ணி பட்டா எப்படியும் போயிடப் போகுது, டாக்டர்."

வீட்டுக்கு வந்து யோசித்தார். மை என்னுடையது என்று ஒப்புக்கொள்வது ஒரு பங்கு. ஆனால் எந்தப் பையில் எது என்று தெரியாதவரை, பையை மாற்றினார் என்ற பேச்சு கிடங்குக்காரரை விடாது. தக்காளி விதையும் கத்தரி விதையும் மிளகாய் விதையும் கையில் வைத்துப் பார்த்தால் அண்ணன் தம்பிபோல இருக்கும். தான் யார் என்று விதையே முளைத்துச் சொன்னால்தான் உண்டு.

மறுநாள் ஒவ்வொரு பையிலிருந்தும் ஒரு சிட்டிகை எடுத்து, பைக்கு ஒரு எண் வைத்துப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தார். விதைக்கத் தொட்டி வேண்டும். சின்னச் சின்னதாக, வரிசையாக, ஒன்றோடொன்று கலக்காமல் பள்ளம் இருக்கிற தொட்டி. வீடு முழுக்கத் தேடிவிட்டு, கடைசியில் மரப்பெட்டியின் முன்னால் வந்து நின்றார். பேனாக்களை எல்லாம் எடுத்துப் பழைய லுங்கி ஒன்றில் சுருட்டி அலமாரிமேல் வைத்தார். வெல்வெட்டின்மேல் மண்ணைக் கொட்டினார்.

தங்கை அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

"அண்ணா! என்ன பண்ற? அந்தப் பெட்டியைத் தொட்டதுக்கு போன வருஷம் என்கிட்ட ரெண்டு நாள் பேசல நீ!"

"மண்ணு போடறேன்."

"அது தெரியுது. உனக்கு ஜுரம் கிரம் இருக்கா? இங்க வா, நெத்தியைக் காட்டு."

குழந்தைக்கு மட்டும் எல்லாம் சரியாகப் புரிந்தது. "மாமா, இப்ப பேனா மொளைக்குமா?"

"பாக்கலாம்மா. தண்ணி ஊத்து. மெதுவா."

தண்ணீர், மன்றத்தின் கண்டனத்தைச் சிறிதும் பொருட்படுத்தாமல், தன் வேலையைச் செய்தது. முதலில் முள்ளங்கி எட்டிப் பார்த்தது. பிறகு ஒவ்வொன்றாகத் தலை நீட்டின. பெட்டியில் பேனா இருந்த பள்ளமெல்லாம் பச்சைக் கோடு. இத்தனை வருஷம் விதைத் துறையில் இருந்த சூப்பிரண்டு, விதை முளைத்துப் பார்ப்பது வேலைக்குச் சேர்ந்த பிறகு இதுதான் முதல் தடவை. அவருடைய துறையில் அதற்குத் தேவை ஏற்பட்டதில்லை. முட்டிபோட்டு உட்கார்ந்து, மாமாவும் மருமகளும் இலையைக் கசக்கி முகர்ந்தார்கள்.

"இது தக்காளி மாமா! சட்னி வாசனை!"

எந்தப் பையில் எது என்பது முழுவதும் தெரிந்தபோது, இருப்புப் பதிவேட்டுக்கும் விதைக்கும் ஒரு பைகூட வித்தியாசம் இல்லை. ஒன்றும் மாறவில்லை. ஒன்றும் வெளியே போகவில்லை.

இனி எழுத வேண்டும். நிற்கிற மையில் எழுத வேண்டும். தடிப் பேனா இழுப்பறையிலேயே காய்ந்துபோயிருந்தது. சூப்பிரண்டு தெருமுனைக் கடைக்குப் போய், பக்கத்தில் ஆளில்லாத நேரம் பார்த்து, கடைக்காரரிடம் குனிந்தார்.

"அழியாத மை ஒரு பாட்டில். கறுப்பு."

கடைக்காரர் முகம் வாடிற்று. "நீங்களா சார்? கறுப்பா? வீட்ல யாருக்காவது ஏதாவது..."

"எல்லாரும் நல்லா இருக்காங்க."

"சரி சார். வெளிய தெரியாம கட்டித் தரேன்."

அதிகாரி அம்மாளிடம் அவர் கொடுத்த விளக்கம் சின்னது. எழுத்து போனதற்குக் காரணம் மை. அந்த மை என்னுடையது. அழகுக்காக நான் போட்டது. தெரிந்தும் அன்று நான் வாயைத் திறக்கவில்லை. கிடங்குக்காரர்மேல் ஒரு குற்றமும் இல்லை. கூடவே, முளைவிட்ட மரப்பெட்டியையும் மேசைமேல் வைத்தார்.

அம்மாள் தாளைப் படித்தார். பெட்டியைப் பார்த்தார். பிறகு டம்ளர் தண்ணீரில் விரலை நனைத்து, சூப்பிரண்டின் கையெழுத்தின்மேல் அழுத்தித் தேய்த்தார்.

கையெழுத்து அசையவில்லை.

"சரி, நம்பறேன்" என்றார். "அவர் திங்கக்கிழமை வேலைக்கு வரட்டும். உங்களுக்குக் கண்டனக் குறிப்பு வரும். இந்த வருஷச் சம்பள உயர்வு கிடையாது. இந்தச் செடியை என்ன பண்ணப் போறீங்க?"

"எங்க வீட்டுல ஒரு சின்னப் பொண்ணு இருக்கா மேடம். அவகிட்டக் கேட்டுத்தான் சொல்லணும்."

சூப்பிரண்டு கறுப்பு மை வாங்கிய செய்தி, அதே கடையில் வாரநாள் மை வாங்கும் வக்கீல் வழியாக மன்றத்தை எட்டியது. ஞாயிற்றுக்கிழமை அவசரக் கூட்டம். உறுப்பினர் பதிவிலிருந்து அவர் பெயரை நீக்குவது என்று கனத்த இதயத்தோடு முடிவெடுத்தார்கள். எல்லாப் பெயர்களும் தூய நீலத்தில் எழுதப்பட்டிருந்ததால் நீக்குவது கடினமாக இருக்கவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் போதுமானதாக இருந்தது. துரதிர்ஷ்டவசமாக, அந்தச் சொட்டு அடுத்த வரிக்கும் ஓடி, தலைவர் பெயரையும் வக்கீல் பெயரையும் சேர்த்துக் கொண்டுபோனது. இப்போது மன்றத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஆராய ஒரு துணைக்குழு வேலை செய்துவருகிறது.

அதே ஞாயிற்றுக்கிழமை, அதே நேரத்தில், சூப்பிரண்டு கிடங்கைத் திறந்தார். உள்ளே யாரும் இல்லை. பை பையாகப் போய்க் கறுப்பில் எழுதிய புதுச் சீட்டுகளைக் கட்டினார். சீட்டில் ஓட்டை போட எதையோ தேடியபோது, கிடங்குக்காரரின் மேசையில், பென்சில் டப்பாவில், அந்தப் பழைய பேனா கையில் அகப்பட்டது. அதை வைத்துக் குத்த மனம் வரவில்லை. ஆணியால் குத்திக்கொண்டார்.

எல்லாம் கட்டி முடித்த பிறகு பேனாவைத் திறந்தார். காய்ந்து கெட்டியாகியிருந்தது. குழாயடியில் பொறுமையாகக் கழுவினார். வேட்டி முனையில் துடைத்தார். கழுத்தைத் திருகி, பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக ஊற்றினார். அன்று வாங்கியது பாதி. இன்று கழுத்துவரை நிரப்பினார்.

கை, பழக்கத்தில், பக்கத்திலிருந்த காகிதத்தில் "பேனா நன்றாக" என்று எழுத இறங்கியது. நிறுத்திக்கொண்டார். அவர் பேனா இல்லையே. மூடி, டப்பாவில், இருந்த மாதிரியே சாய்த்து வைத்தார். ஜன்னல் கதவைச் சாத்தப்போனவர் ஒரு நிமிஷம் வெளியே பார்த்தார். மேகம் கலைந்து வானம் நீலமாகக் கிடந்தது. மழைக்கு முந்தினதா பிந்தினதா என்று அவர் யோசிக்கவில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

ஒருவர் மை இன்னொருவர் பேனாவுக்குள் போவது மன்றத்தின் உயர்ந்த கொள்கைப்படி மன்னிக்க முடியாத குற்றம். அன்று அந்தக் குற்றம் நடந்ததைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. மேலே, அந்த வானத்துக்கு நீலம் பூசியவர் ஒருவர் பார்த்திருக்கலாம். ஆனால் அவர் நீல மை அன்பர் மன்றத்தில் உறுப்பினர் இல்லை. சேர்த்துக்கொள்ளவும் மாட்டார்கள். ராத்திரி ஆனால் அவர் கறுப்புக்கு மாறிவிடுகிறார்.